ஒரு டாலர் வித்தியாசம்

விடை தெரிந்தவர் எல்லாம் வெல்வதில்லை. அமெரிக்காவின் 'ஜெப்பர்டி' வினாடி வினா மேடையில் கிரீடம் யாருக்கு என்பதைப் பல நாட்கள் தீர்மானிப்பது, விளம்பர இடைவேளையில் ஒரு துண்டுத்தாளில் போடப்படும் கூட்டல் கழித்தல்.

ஜேம்ஸ் ஹோல்ஸாவர் வேண்டுமென்றே தோற்றார் என்று அடித்துச் சொன்னவர்கள் அமெரிக்காவில் ஏராளம். லாஸ் வேகாஸைச் சேர்ந்த இவருக்கு விளையாட்டுப் போட்டிகள் மீது பந்தயம் கட்டுவதுதான் தொழில். 2019 ஏப்ரலில் 'ஜெப்பர்டி' மேடையேறியவர் 32 ஆட்டங்களில் தொடர்ந்து வென்று 24,62,216 டாலர் குவித்தார். ஒரே ஆட்டத்தில் 1,31,127 டாலர் அள்ளியது தனிச் சாதனை. 2004-ல் 74 ஆட்டங்கள் வென்று 25,20,700 டாலர் சேர்த்த கென் ஜென்னிங்ஸின் சாதனையை எட்ட அவருக்கு இன்னும் 58,484 டாலர்தான் பாக்கி. ஆட்டத்துக்குச் சராசரியாக 76,000 டாலருக்கு மேல் சம்பாதித்த மனிதருக்கு அது ஒரு நாள் வேலை.

ஜூன் 3-ம் தேதி ஒளிபரப்பான ஆட்டத்தில் கதை மாறியது. கடைசிக் கேள்விக்கு ஹோல்ஸாவர் கட்டிய பந்தயம் வெறும் 1,399 டாலர். பல்லாயிரக்கணக்கில் கட்டிப் பழகிய கை அது. ஆங்கில நாடகாசிரியர் மார்லோ பற்றிய அந்தக் கேள்விக்கு அவர் எழுதிய விடையும் சரி. ஆனால் வென்றவர் எம்மா போட்சர் என்ற சிகாகோ பல்கலைக்கழக நூலகர். "சரியான விடை தெரிந்தும் ஏன் இப்படிப் பிசுனாறித்தனமாகக் கட்டினார்?" என்று நேயர்கள் கொதித்தார்கள். அலுத்துப்போய் விட்டுக்கொடுத்தார் என்றார்கள் சிலர். நிகழ்ச்சி நடத்துபவர்களோடு ரகசிய ஒப்பந்தம் என்றார்கள் வேறு சிலர்.

காகிதமும் பென்சிலும் எடுத்துக் கணக்குப் போட்டவர்கள் மட்டும் வேறு மாதிரி சொன்னார்கள். அந்த 1,399 டாலர், அவர் அந்த மேடையில் கட்டிய பந்தயங்களிலேயே மிகக் கச்சிதமான ஒன்று.

விடை முதலில், கேள்வி பிறகு

இது புரிய ஆட்டத்தின் விதிகள் தெரிய வேண்டும். 'ஜெப்பர்டி'யின் பிறப்பே ஒரு மோசடியின் பின்விளைவு. 1950களின் இறுதியில், அமெரிக்கத் தொலைக்காட்சியின் வினாடி வினா நிகழ்ச்சிகள் சிலவற்றில் போட்டியாளர்களுக்கு விடைகள் முன்கூட்டியே சொல்லித் தரப்பட்டது அம்பலமானது. மக்கள் வெறுத்துப்போனார்கள். அந்தக் கெட்ட பெயருக்குப் பின் புதிய நிகழ்ச்சிக்கு யோசனை தேடிக்கொண்டிருந்த தயாரிப்பாளர் மெர்வ் கிரிஃபினிடம் அவர் மனைவி ஜூலன் சொன்னார்: விடையை நாமே பகிரங்கமாகச் சொல்லிவிட்டால் என்ன? கேள்வியை அவர்கள் கண்டுபிடிக்கட்டும். "5,280" என்றால் "ஒரு மைலுக்கு எத்தனை அடி?" என்று பதில் வர வேண்டும். 1964 மார்ச் 30 அன்று நிகழ்ச்சி என்.பி.சி.யில் அரங்கேறியது. 1984-ல் அலெக்ஸ் டிரெபெக் தொகுப்பாளராகப் புத்துயிர் பெற்றது. 2020 நவம்பரில் அவர் இறக்கும்வரை அதன் முகம் அவர்தான். பின்னர் அந்த நாற்காலி சாட்சாத் கென் ஜென்னிங்ஸுக்கே வந்து சேர்ந்தது.

ஆடுபவர்கள் மூன்று பேர். பலகையில் 6 தலைப்புகள், ஒவ்வொன்றின் கீழும் 5 கட்டங்கள். முதல் சுற்றில் மேல் வரிசை 200 டாலர், கடைசி வரிசை 1,000 டாலர். இரண்டாவது சுற்றில் எல்லாம் இரட்டிப்பு. முதலில் பஸ்ஸரை அமுக்குபவர் பதில் சொல்லலாம். சரியென்றால் தொகை சேரும். தப்பென்றால் அதே தொகை கழியும். தொகுப்பாளர் படித்து முடிப்பதற்குள் அவசரப்பட்டு அமுக்கினால் கால் விநாடி பஸ்ஸர் வேலை செய்யாது. எதிராளி நுழைய அந்தக் கால் விநாடி போதும்.

பந்தயம் இரண்டு இடங்களில் வருகிறது. கட்டங்களில் மூன்று, 'டெய்லி டபுள்' என்ற புதையல் கட்டங்கள் - முதல் சுற்றில் ஒன்று, இரண்டாவதில் இரண்டு. அதைத் திறப்பவர் மட்டுமே பதில் சொல்லலாம். பஸ்ஸர் போட்டி கிடையாது. கையிலிருக்கும் மொத்தத்தையும் பணயம் வைக்கலாம். குறைந்தபட்சம் 5 டாலர் வைத்தும் தப்பிக்கலாம். இரண்டாவது இடம், இறுதிக் கேள்வி. தலைப்பை மட்டும் சொல்வார்கள். கேள்வியைப் பார்க்கும் முன்பே மூவரும் ரகசியமாகப் பந்தயத் தொகையை எழுத வேண்டும். பிறகு பதில் எழுத 30 விநாடி.

இன்னொரு விதிதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. சேர்த்த தொகை முழுவதும் வென்றவருக்கு மட்டுமே. மற்ற இருவருக்கும் ஆறுதல் பரிசு: நெடுங்காலம் 2,000 மற்றும் 1,000 டாலராக இருந்தது 2023-ல் தலா ஆயிரம் கூடியது. 40,000 டாலரோடு இரண்டாவதாக வந்தாலும் கைக்கு வருவது அதே சொற்பத் தொகை. வென்றவருக்கோ பணத்தோடு மறுநாள் ஆடும் உரிமையும் சேர்த்துக் கிடைக்கிறது. எனவே இந்த மேடையில் கேட்டுக்கொள்ள வேண்டியது "எவ்வளவு சேர்க்கலாம்?" என்பதை விட "எப்படி ஒரு டாலராவது முன்னால் இருப்பது?" என்பதே.

புதையல் வேட்டை

ஆரம்பத்தில் போட்டியாளர்கள் நல்ல பிள்ளைகளாக மேலிருந்து கீழாக, ஒவ்வொரு தலைப்பாக முடித்து ஆடினார்கள். 1985-ல் சக் ஃபாரஸ்ட் என்ற சட்ட மாணவர் அந்த ஒழுங்கைக் குலைத்தார். ஒரு தலைப்பில் ஒன்று, அடுத்ததில் ஒன்று என்று தாவித் தாவி ஆடினார். அடுத்து எந்தத் தலைப்பு என்பது அவருக்கு மட்டுமே தெரியும்; மற்ற இருவரும் மனதைத் திருப்புவதற்குள் அவர் பஸ்ஸரை அமுக்கியிருப்பார். 'ஃபாரஸ்ட் தாவல்' என்று பெயரே நிலைத்துவிட்டது.

தாவலில் இன்னொரு லாபமும் உண்டு என்பது பிறகு தெரிந்தது. டெய்லி டபுள் கட்டங்கள் கண்ணை மூடிக்கொண்டு தூவப்பட்டவை அல்ல. மேல் வரிசையில் அவை கிட்டத்தட்ட வருவதே இல்லை. கீழ் மூன்று வரிசைகளில், அதிலும் நான்காவதில்தான் அதிகம். இரண்டாவது சுற்றில் ஒரே தலைப்பின் கீழ் இரண்டும் வருவதில்லை. ஆயிரக்கணக்கான பழைய ஆட்டங்களைத் தொகுத்து அலசிய ரசிகர்களுக்கு இது பால பாடம். கணினி விஞ்ஞானியான ரோஜர் கிரெய்க், பழைய கேள்விகளைக் கணினியில் சலித்து எந்தத் துறைகள் அடிக்கடி வருகின்றன, தான் எதில் பலவீனம் என்று கண்டறிந்து பயிற்சி எடுத்தார். 2010-ல் ஒரே ஆட்டத்தில் 77,000 டாலர் வென்றார். ஹோல்ஸாவர் வரும் வரை அது யாரும் தொடாத உயரம்.

2014-ல் வந்த ஆர்தர் சூ, புதையலை வேட்டையாடுவதற்காகவே பலகையில் குதித்துக் குதித்து ஆடினார். விளையாட்டுத் துறைத் தலைப்பில் டெய்லி டபுள் கிடைத்தபோது தமக்கு அது வராது என்பதால் 5 டாலர் மட்டும் கட்டி, கேள்வி வந்ததும் "தெரியாது" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். பார்த்தவர்களுக்கு அது திமிராகத் தெரிந்தது. உண்மையில் அவர் செய்தது, எதிராளிகளின் கைக்குப் போயிருக்கக்கூடிய ஒரு வெடியைத் தண்ணீரில் போட்டது. 11 வெற்றிகள், 2,97,200 டாலர் என்ற அறுவடையோடு, ஆட்டத்தின் அழகைக் கெடுத்தவர் என்ற வசவுகளும் அவருக்குக் கிடைத்தன. விதிகளில் எதையும் அவர் மீறவில்லை. மேலிருந்து கீழாக ஆட வேண்டும் என்பது எப்போதுமே பழக்கம்தான், விதியாக இருந்ததில்லை.

டெய்லி டபுளில் எவ்வளவு கட்டுவது? இங்கேதான் பெரும்பாலோர் கோழைகளாகிறார்கள். கையில் 6,000 டாலர் இருப்பவர் 2,000 கட்டி நிம்மதியடைவார். ஆனால் டெய்லி டபுளுக்குத் தப்பான பதிலை விடச் சரியான பதில்தான் அதிகம் வருகிறது. மூன்றில் இரண்டு முறை சரியாகச் சொல்லக்கூடிய ஒருவர் 6,000-ஐயும் கட்டினால், இரண்டு முறை 12,000; ஒரு முறை பூஜ்யம். சராசரி 8,000. ஆட்டத்தின் ஆரம்பத்தில் என்றால் பூஜ்யத்திலிருந்து எழுந்து வரவும் நேரம் உண்டு. ஹோல்ஸாவரின் முறை இதுதான்: கீழ்வரிசை 1,000 டாலர் கட்டங்களை முதலில் விழுங்கி மூலதனம் சேர்ப்பது, பிறகு புதையலைத் தேடுவது, கிடைத்ததும் முழுவதையும் வைப்பது.

ஆட்டம் முடியும் தருவாயில் கணக்கு வேறு. 20,000 டாலரோடு முன்னணியில் இருப்பவருக்கு, 11,000 வைத்திருக்கும் எதிராளி. சில கட்டங்களே பாக்கி. அப்போது டெய்லி டபுள் கிடைத்தால் 3,000 போதும். சரியானால் 23,000 - எதிராளி இரட்டித்தாலும் எட்டாத உயரம். தப்பானாலும் 17,000, முன்னணி அப்படியே. பேராசைக்கும் பயத்துக்கும் நடுவே ஓர் எண் இருக்கிறது. அதைக் கண்டுபிடிப்பதுதான் வித்தை.

மூன்றில் இரண்டு

இறுதிக் கேள்வியில் மூன்று நிலைமைகள் உண்டு.

ஒன்று, பூட்டிய ஆட்டம். முதலாமவர் 20,400, இரண்டாமவர் 9,800. இரண்டாமவர் எல்லாவற்றையும் கட்டி வென்றாலும் 19,600தான். முதலாமவர் 799 டாலர் வரை கட்டித் தோற்றாலும் வெற்றி அவருக்கே. அதற்கு மேல் கட்டுவது வம்பை விலைக்கு வாங்குவது. 'சியர்ஸ்' என்ற நகைச்சுவைத் தொடரின் 1990 அத்தியாயம் ஒன்றில், தபால்காரர் கிளிஃப் கிளேவின் எட்ட முடியாத முன்னணியில் இருந்துகொண்டு முழுவதையும் கட்டி, ஓட்டாண்டியாகி வெளியே வருவார். அந்தத் தவற்றுக்கு ரசிகர்கள் அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்.

இரண்டாவது நிலைமை: முதலாமவர் 18,000, இரண்டாமவர் 11,000. முதலாமவர் செய்ய வேண்டியது, இரண்டாமவரின் இரட்டிப்பைவிட ஒரு டாலர் அதிகம் வரும்படி கட்டுவது. 22,001 வேண்டும், ஆகவே பந்தயம் 4,001. தப்பினால் 13,999. இரண்டாமவர் சும்மா இருந்தால் அதை எட்ட முடியாது. அவர் சரியாகச் சொல்லவும் வேண்டும், முதலாமவர் தவறவும் வேண்டும். இரண்டு அதிர்ஷ்டம் ஒருசேர வர வேண்டிய இடம்.

மூன்றாவதுதான் சுவாரசியம். முதலாமவர் 18,000, இரண்டாமவர் 14,000, மூன்றாமவர் 6,000. முதலாமவருக்கு 28,001 வேண்டும், கட்டுவது 10,001. தப்பினால் அவரிடம் மிஞ்சுவது 7,999. இப்போது இரண்டாமவர் யோசிக்க வேண்டும். முதலாமவர் சரியாகச் சொல்லிவிட்டால், நான் என்ன கட்டினாலும் தோல்விதான். எனவே அந்தப் பக்கத்தை மறந்துவிடலாம். அவர் தவறும் பக்கத்தில் நான் எங்கே நிற்க வேண்டும்? 7,999-க்கு மேல். கூடவே, 6,000 வைத்திருக்கும் மூன்றாமவர் இரட்டித்து 12,000 ஆக்கினாலும் அதற்கும் மேல். ஆகவே 1,999-க்குள் கட்டினால், பதில் தப்பானாலும் கையில் 12,001. முதலாமவர் சறுக்கினால் போதும். கிரீடம் தானாக வந்து தலையில் உட்காரும்.

முதலாமவரின் தொகையில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் வைத்திருக்கும் இரண்டாமவருக்கு எப்போதும் இந்த வாய்ப்பு உண்டு. ஆனால் மேடையில் பலரும் செய்வது, "விட்டால் எல்லாம், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை" என்று 14,000-ஐயும் கட்டுவது. கடினமான கேள்வி முதலாமவரைக் கவிழ்த்தால் அநேகமாக இரண்டாமவரையும் கவிழ்க்கும் என்பதை அவர்கள் நினைப்பதில்லை. மூவரும் தவறும் ஆட்டங்களில், குறைவாகக் கட்டியவரே கடைசியில் சிரிக்கிறார்.

முதலாமவரும் இதை மோப்பம் பிடித்து, "இரண்டாமவர் எப்படியும் குறைவாகத்தான் கட்டுவார், நானும் பூஜ்யம் கட்டினால் என்ன?" என்று நினைக்கலாம். அதை இரண்டாமவர் ஊகித்து முழுவதையும் கட்டலாம். இது முடிவில்லாத கண்ணாமூச்சி. இருந்தும் முதலாமவர்கள் அநேகமாக எல்லோரும் ஒரு டாலர் கூடுதல் விதியையே கடைப்பிடிக்கிறார்கள். காரணம் கணிதத்தை விட மனம். பதில் தெரியாமல் தோற்றால் தூக்கம் வந்துவிடும். சரியான பதிலை எழுதிவிட்டு, பந்தயம் குறைந்ததால் தோற்றால் ஆயுசுக்கும் உறுத்தும்.

இரண்டு தோல்விகள்

இப்போது ஹோல்ஸாவரின் கடைசி ஆட்டத்துக்கு வரலாம். அன்று முதல் சுற்றின் டெய்லி டபுள், ஆட்டத்தின் முதல் கட்டத்திலேயே அவருக்குக் கிடைத்துவிட்டது. கையில் காசே இல்லாத நேரம். விதிப்படி 1,000 டாலர்தான் கட்ட முடிந்தது. இரண்டாவது சுற்றின் இரண்டு புதையல்களும் போட்சருக்குப் போயின. அவரும் தயங்காமல் பெரும் தொகை கட்டி வென்றார். 'ஜெப்பர்டி' கேள்விகளின் கடினத்தைக் கணினியால் கணிக்க முடியுமா என்பதையே முதுகலை ஆய்வாக எடுத்துக்கொண்டவர் அவர்.

இறுதிக் கேள்விக்கு முன் நிலவரம்: போட்சர் 26,600. ஹோல்ஸாவர் 23,400. மூன்றாமவர் 11,000. போட்சர் 20,201 கட்டினார். வென்றால் 46,801 - ஹோல்ஸாவரின் இரட்டிப்பைவிடச் சரியாக ஒரு டாலர் அதிகம். தவறினால் 6,399. ஹோல்ஸாவர் இதை எதிர்பார்த்தார். அவர் சரியாகச் சொன்னால் தனக்கு வழியே இல்லை. தவறினால், கவலைப்பட வேண்டியது மூன்றாமவரைப் பற்றி மட்டும். 11,000-ன் இரட்டிப்பு 22,000. 23,400-லிருந்து 1,399 போனால் மிச்சம் 22,001. அங்கும் ஒரு டாலர்! போட்சர் தவறியிருந்தால், ஹோல்ஸாவரின் பதில் சரியோ தப்போ, வெற்றி அவருக்கே. போட்சர் தவறவில்லை. இருவரும் குறையில்லாமல் ஆடினார்கள். ஒருவருக்கு மட்டும் இடம் இருந்தது. வேண்டுமென்றே தோற்ற மனிதர் மூன்றாமவரின் இரட்டிப்பைக் கணக்கிட்டுக்கொண்டிருக்க மாட்டார்.

ஜென்னிங்ஸின் 74 ஆட்டத் தொடர் முடிந்த விதம் இதற்கு நேர் எதிர். 2004 நவம்பர் 30-ல் ஒளிபரப்பான ஆட்டம் அது. இரண்டாவது சுற்றின் இரண்டு டெய்லி டபுள்களிலும் தவறி 10,200 டாலர் இழந்திருந்தார். அந்தப் பணம் கையை விட்டுப் போகாமல் இருந்தால் ஆட்டம் பூட்டப்பட்டிருக்கும். கடைசியில் அவரிடம் 14,400. நான்சி ஜெர்க் என்ற பெண்மணியிடம் 10,000. ஜென்னிங்ஸ் இலக்கணப்படி 5,601 கட்டினார், வென்றால் 20,001. கேள்வி, ஆண்டில் நான்கு மாதம் மட்டும் வேலை செய்யும் பெரும் ஊழியர் படையைக் கொண்ட நிறுவனம் பற்றியது. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து கொடுக்கும் எச் அண்ட் ஆர் பிளாக் என்பதே விடை. ஜென்னிங்ஸ் ஃபெட்எக்ஸ் என்று எழுதி 8,799-க்கு இறங்கினார்.

ஜெர்க் கட்டியது 4,401. வென்றால் 14,401, ஜென்னிங்ஸ் ஒன்றும் கட்டாமல் நின்றிருந்தாலும் அவரைவிட ஒரு டாலர் கூடுதல். பதில் சரியாக இருந்ததால் வரலாற்றில் இடம்பிடித்தார். ஆனால் தவறியிருந்தால் அவர் 5,599-க்கு விழுந்திருப்பார். பதில் தெரியாத ஜென்னிங்ஸ் 75-வது வெற்றியோடு வீட்டுக்குப் போயிருப்பார். ஜெர்க்கிடம் மூன்றில் இரண்டுக்கு மேல் இருந்தது. 1,200-க்குள் கட்டியிருந்தால் இரு வழியிலும் வெற்றி. விடை தெரிந்தவருக்குக் கணக்கின் தவறு மன்னிக்கப்படும். விடை தெரியாத நாளில்தான் கணக்கு காப்பாற்ற வேண்டும்.

சமநிலைக்கு ஆசைப்பட்டவர்

ஒரு டாலர் கூடுதல் விதியையும் கேள்வி கேட்டவர் ஆர்தர் சூ. 2014 தொடக்கத்தில், இருவர் சமமாக முடித்தால் இருவருமே சாம்பியன்கள். இருவருக்கும் பணம் உண்டு. அப்படியானால் கூடுதல் ஒரு டாலர் எதற்கு? சமமாக வரும்படி கட்டினால் போதும் என்றார் சூ. அதில் ஒரு தந்திரமும் இருந்தது. முதலாமவர் சமநிலைக்குத்தான் கட்டுவார் என்று தெரிந்தால், இரண்டாமவருக்கு எல்லாவற்றையும் கட்டும் ஆசை வரும். சரியாகச் சொன்னால் அவருக்கும் பணம் நிச்சயம். இருவரும் தவறினால் எல்லாம் கட்டியவர் பூஜ்யத்தில் நிற்பார். முதலாமவர் மிச்சத்தோடு வெல்வார். தாராள மனசு போலத் தோன்றும் தூண்டில். சூ ஓர் ஆட்டத்தில் உண்மையிலேயே சமநிலையில் முடித்தார்; எதிராளியும் பணத்தோடு மறுநாள் வந்தார். அந்த ஆண்டு இறுதியில் விதி மாறியது. இப்போது சமநிலை என்றால் ஒரு கூடுதல் கேள்வி, முந்துபவருக்கே வெற்றி. ஒரு டாலருக்கு மறுபடி மதிப்பு வந்துவிட்டது.

947 டாலர் புத்திசாலித்தனம்

2011 பிப்ரவரியில் ஐ.பி.எம்.மின் 'வாட்சன்' கணினி, ஜென்னிங்ஸையும் பிராட் ரட்டரையும் எதிர்த்து ஆடியபோது உலகம் பார்த்தது அதன் அறிவை. அதன் பந்தயங்களைக் கவனித்தவர்கள் குறைவு. மனிதர்கள் ஆயிரம், ஐயாயிரம் என்று முழு எண்களில் கட்டுவார்கள். வாட்சன் 6,435 என்றும் 947 என்றும் கட்டியபோது அரங்கில் சிரிப்பு எழுந்தது. ஜெரால்ட் டெசாரோ உள்ளிட்ட விஞ்ஞானிகள் பந்தயம் கட்டுவதற்கென்றே தனியாக எழுதிய நிரலின் வேலை அது. தலைப்பில் தனக்கு எவ்வளவு நம்பிக்கை, எதிராளிகள் எவ்வளவு பின்னால், எத்தனை கட்டங்கள் பாக்கி என்று எல்லாவற்றையும் சேர்த்து எடைபோட்டது.

முதல் ஆட்டத்தின் இறுதிக் கேள்வி அமெரிக்க நகரங்கள் பற்றியது. விடை சிகாகோ. வாட்சன் எழுதியது டொராண்டோ. அது இருப்பது கனடாவில். பக்கத்தில் ஐந்து கேள்விக்குறிகள் வேறு. உலகமே சிரித்தது. ஆனால் அது இழந்தது 947 டாலர்தான். 36,681 என்பது 35,734 ஆனது, அவ்வளவே. தனக்குத் தெரியாது என்பது அதற்குத் தெரிந்திருந்தது. இரண்டு ஆட்டங்களின் முடிவில் வாட்சன் 77,147, ஜென்னிங்ஸ் 24,000, ரட்டர் 21,600.

நம்மூர் நாற்காலி

சித்தார்த்த பாசுவின் 'குவிஸ் டைம்' 1985-ல் தூர்தர்ஷனில் வந்த காலம் முதல் இந்தியர்களுக்கு வினாடி வினா ஒரு பித்து. 'ஜெப்பர்டி'யிலும் இந்திய வம்சாவளியினருக்குக் குறைவில்லை: சாம்பியன்களுக்கான தொடரை 2010-ல் விஜய் பால்ஸேயும் 2024-ல் யோகேஷ் ராவுத்தும் வென்றார்கள். ஆனால் இந்தியாவின் வரவேற்பறைகளைப் பிடித்தது வேறு வகை ஆட்டம். 2000 ஜூலை 3-ல் அமிதாப் பச்சன் தொடங்கிய 'கௌன் பனேகா குரோர்பதி', பிரிட்டிஷ் நிகழ்ச்சி ஒன்றின் இந்திய வடிவம். தமிழிலும் அதன் சாயல்கள் வந்தன.

இங்கே எதிராளி கிடையாது. நாற்காலியில் தனி மனிதர். ஆனால் பந்தயம் இல்லை என்று நினைத்தால் தப்பு. ஒவ்வொரு கேள்விக்கும் அவர் பந்தயம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். தொகையை அவர் தேர்ந்தெடுப்பதில்லை, அவ்வளவே. 2000-ன் விதிப்படி 50 லட்சத்தை எட்டியவர் முன்னால் இரண்டே வழிகள். எழுந்து போனால் 50 லட்சம் கையில். கடைசிக் கேள்விக்குப் பதில் சொன்னால் ஒரு கோடி, தவறினால் 3,20,000. கணக்குப் போட்டால், விடை சரி என்ற நம்பிக்கை நூற்றுக்கு 48-ஐத் தாண்டினாலே பதில் சொல்வது லாபம். அதாவது, இரண்டு விடைகளில் எது என்று தெரியாமல் காசு சுண்டிப் பார்த்தாலும் சராசரியில் லாபம்தான்.

2011-ல் கணக்கு இன்னும் விசித்திரம். அப்போது ஒரு கோடிக்கு அடுத்த படி ஐந்து கோடி. தவறினால் மிஞ்சுவது சில லட்சம். இதில் ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பு இருந்தாலே பதில் சொல்லலாம் என்கிறது கணிதம். கேள்விக்கு இருப்பதோ நான்கே விடைகள். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டாலும் வாய்ப்பு நான்கில் ஒன்று! கணிதப்படி, ஒன்றுமே தெரியாதவர்கூட ஒரு கோடியை மேஜையில் வைத்துவிட்டுக் குருட்டாம்போக்கில் ஆட வேண்டும். புத்தி உள்ள யாரும் ஆட மாட்டார்கள்.

கணிதம் பொய்யா? இல்லை. 1738-லேயே டேனியல் பெர்னூலி என்ற கணித மேதை இதற்கு விளக்கம் சொல்லிவிட்டார். பணத்தின் மதிப்பு, ஏற்கெனவே எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. முதல் கோடி கடனை அடைக்கும், வீடு கட்டும், பிள்ளைகளைப் படிக்க வைக்கும். அடுத்த நான்கு கோடி அதைப்போல நான்கு மடங்கு வாழ்க்கையைத் தந்துவிடாது. பிகாரின் மோதிஹாரியிலிருந்து வந்த சுஷீல் குமார், மாதம் சுமார் 6,000 ரூபாய் சம்பளத்தில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தவர். 2011-ல் அவர் அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லி ஐந்து கோடியை எட்டினார். நிகோபார் தீவுகள் மீதான உரிமையை ஆங்கிலேயரிடம் விற்ற நாடு எது என்ற கேள்வி. டென்மார்க் என்பது விடை. அவர் பணயம் வைத்தது ஆயிரம் மாதத்துக்கும் மேற்பட்ட சம்பளம்.

ஹோல்ஸாவர் ஒரே நேரத்தில் பல்லாயிரம் டாலரை வைக்க முடிந்ததற்கு அவருடைய அறிவு மட்டும் காரணம் அல்ல. லாப நஷ்டத்தைத் தினமும் பார்த்துப் பழகிய தொழில்காரருக்கு ஒரு நாள் தோல்வி வெறும் ஒரு நாள் தோல்வி. வாட்சனுக்கு வீட்டு வாடகை கிடையாது. கடன் தலைக்கு மேல் நிற்கிற ஒருவர், 50 லட்சத்தில் "போதும், கிளம்புகிறேன்" என்று சொன்னால் பார்ப்பவர்கள் உச்சுக் கொட்டுகிறார்கள். ஆனால் எதைத் தொலைத்தால் தாங்க முடியாது என்று சரியாகத் தெரிந்து அந்த இடத்தில் நிறுத்திக்கொண்டவர், விடை தெரியாமல் பின்வாங்கியவர் அல்ல. அவருக்கான கேள்விக்கு அவர் சரியாகவே பதில் சொல்லியிருக்கிறார்.